அவையை இசைவித்த அமைச்சர்: சி. சுப்பிரமணியமும் புதிய வேளாண் கொள்கையும்

திருக்குறளின் பொருட்பாலில் அமைச்சியல் எனப் பகுக்கப்படும் பத்து அதிகாரங்களுள் மூன்று, சொல்லையும் அச்சொல்லைக் கேட்கும் அவையையும் பற்றியன. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்பன அம்மூன்று. அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளை எண்ணிய வள்ளுவர், அறிவையும் வினைத்திட்பத்தையும் கூறியதோடு அமையாது, பிறரைத் தன் கருத்துக்கு இசையச் செய்யும் ஆற்றலுக்கு இத்துணை இடம் ஒதுக்கியிருப்பது எண்ணத்தக்கது. அரசன் ஆணையிடலாம், அமைச்சன் எடுத்துச் சொல்லி ஏற்கச் செய்ய வேண்டியவன்.

மக்களாட்சியில் இந்நிலை இன்னும் கடினமானது. ஓர் அமைச்சர் தம் துறைக்கு எத்துணைச் சிறந்த திட்டத்தை வகுத்தாலும், அதற்கு நிதியமைச்சர் பணம் தர வேண்டும். திட்டக் குழு இடம் தர வேண்டும். பிற அமைச்சர்கள் உடன்பட வேண்டும். அலுவலர்கள் மனம் வைத்துச் செயற்பட வேண்டும். இவர்களுள் எவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். அல்லது, கீழ்ப்பட்டவராயினும், ஆணையால் மட்டும் அவர்களிடமிருந்து உண்மையான உழைப்பைப் பெறுதல் இயலாது. உடன் பணியாற்றுவோரைத் தம் கருத்தின் பக்கம் கொணர்வது எங்ஙனம் என்னும் வினா, சிற்றலுவலகத்திற்கும் நடுவண் அமைச்சரவைக்கும் பொதுவானது.

இவ்வினாவுக்கு இந்திய வரலாறு தரும் விடைகளுள் தெளிவான ஒன்று, 1964 சூன் முதல் 1967 மார்ச்சு வரை நடுவண் அரசில் உணவு, வேளாண்மைத் துறையின் பொறுப்பில் இருந்த சி. சுப்பிரமணியத்தின் பணி. பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதுவோர் விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் அறிவியலாரைப் பற்றியும் மிகுதியாக எழுதியுள்ளனர். அவ்விதை வயலுக்குச் செல்லும் முன்னர்க் குழு அறைகளில் நிகழ்ந்த நெடிய வழக்காடலைப் பற்றி எழுதியோர் குறைவு. அவ்வழக்காடலே இக்கட்டுரையின் பொருள்.

சென்னையில் பெற்ற பயிற்சி

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணியம், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்றுக் கோவையில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். நாட்டு விடுதலைப் போரில் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952 முதல் 1962 வரை சென்னை அமைச்சரவையில் முதலில் இராஜாஜியின் கீழும் பின்னர்க் காமராசரின் கீழும் நிதி, கல்வி முதலிய துறைகளை ஆண்டவர். இயற்பியல் ஆய்வின் மீது நம்பிக்கையையும், வழக்கறிஞர் தொழில் எதிர்வழக்காடுவோரின் வலிமையை அளந்தறியும் பழக்கத்தையும் தந்திருத்தல் கூடும். ஆயினும் உடன் பணியாற்றுவோரோடு ஒழுகும் முறையில் அவர் பெற்ற பெரும் பாடம் 1954-இல் வாய்த்தது.

அவ்வாண்டு இராஜாஜி பதவி விலகியபோது, காங்கிரசுச் சட்டமன்றக் கட்சியின் தலைமைக்குக் காமராசரை எதிர்த்து நின்றவர் சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராசர் வென்றார். வென்றவர் அமைச்சரவை அமைத்தபோது, தம்மை எதிர்த்து நின்றவரையும் அவரை முன்மொழிந்தவரையும் அதில் சேர்த்துக்கொண்டார். அடுத்த எட்டாண்டுகள் சுப்பிரமணியம் காமராசரின் நிதியமைச்சராகவே இருந்தார். கருத்தில் மாறுபட்டவரை ஒதுக்காமல் அவரிடமே பொறுப்பை ஒப்படைக்கும் இம்முறையால் நேர்ந்த பயனைத் தோற்றவர் என்னும் நிலையிலிருந்தே அவர் கண்டறிந்தார். பத்தாண்டு கழித்துத் தில்லியில் அதே முறையை அவர் கையாளும் நிலை வந்தது.

எவரும் விரும்பாத துறை

1964 மே 27-ஆம் நாள் நேரு மறைந்தார். அடுத்துப் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, அதுவரை உருக்குத் துறையைக் கவனித்துவந்த சுப்பிரமணியத்திடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். அரசியலில் உயர விழைவோர் அஞ்சி ஒதுங்கிய துறை அது. விலை ஏறினால் பழி, மழை பொய்த்தால் பழி, மாநிலங்கள் தானியம் தர மறுத்தால் பழி என மூன்று பழியும் அவ்வமைச்சர் தலையிலேயே விழும். வேளாண்மையோ அரசியலமைப்பின்படி மாநிலப் பொருள். பழியைச் சுமப்பவர் கையில் அதிகாரம் மிகவும் சுருங்கியது.

அந்நாளில் நாடு அமெரிக்கக் கோதுமையைச் சார்ந்திருந்தது. பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின்படி 1956-இல் முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1960-இல் நான்காண்டுக் காலத்திற்கு 1 கோடியே 70 இலட்சம் டன் தானியம் பெறுவதற்கான பேருடன்படிக்கை கையொப்பமாயிற்று. கப்பல் வந்துகொண்டிருக்கும் வரை, வயலைப் பற்றிய கவலை தலைநகரில் மிகவில்லை. தொழில் வளர்ச்சியே நாட்டின் விடிவு என்றும், அதற்கு உணவு விலை குறைந்திருத்தல் இன்றியமையாதது என்றும் கருதியோர் ஆட்சியில் செல்வாக்குடன் விளங்கினர்.

சுப்பிரமணியத்தின் கருத்து வேறு. உழவனும் வரவு செலவுக் கணக்குப் பார்ப்பவனே. விளைபொருளுக்கு ஆதாயமான விலை உறுதியானாலன்றி அவன் உரத்திற்கும் நீருக்கும் முதல் போட முன்வரான். விலை உறுதியானாலும், பழைய விதையைக் கொண்டு விளைச்சலை ஓரளவுக்குமேல் உயர்த்த இயலாது. ஆகவே விலை, அறிவியல், உரம் ஆகிய மூன்றும் ஒருங்கே மாறவேண்டும் என்பது அவர் கொள்கை. இம்மூன்றனுள் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு வெவ்வேறு இடத்திலிருந்து எழுந்தது. எதிர்ப்பின் காரணமும் வெவ்வேறாக இருந்தது. அதனை உணர்ந்து, ஒவ்வோர் எதிர்ப்பையும் அதனதன் இடத்திலேயே சந்தித்தது அவரது பணியின் தனித்தன்மை.

விலை வழக்கு

முதல் எதிர்ப்பு நிதியமைச்சரிடமிருந்து வந்தது. அப்பொறுப்பில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் தமிழகத்தவரே, வணிகத் துறையில் பட்டறிவு மிக்கவர், அமைச்சரவையில் மூத்தவர். உணவு விலை ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த 1964-இல், உழவனுக்குத் தரும் விலையையும் அரசே உயர்த்தினால் நகரத் தொழிலாளியின் கூலி உயரும், பொருள்களின் அடக்கவிலை உயரும், ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவுக் கணக்கே நிலைகுலையும் என்பது அவர் வாதம். இது வெறும் பிடிவாதமன்று. நிதிப் பொறுப்பை ஏற்ற எவரும் அவ்வாறு அஞ்சுதல் இயல்பே.

அமைச்சரவையில் இவ்விருவரும் நேருக்கு நேர் மோதி, வாக்கெடுப்பைப் போல ஒரு முடிவு ஏற்பட்டிருந்தால், தோற்றவர் பின்னர் ஒவ்வொரு கட்டத்திலும் தடையாகியிருப்பார். அந்நிலை வராமல் இடைவழி ஒன்று காணப்பட்டது. பிரதமரின் செயலாளர் எல்.கே. ஜா தலைமையில் உணவு தானிய விலைக் குழு ஒன்று 1964-இல் அமைக்கப்பட்டது. விலையை உயர்த்தலாமா என்னும் வினா இரண்டு அமைச்சர்களின் வழக்காக இருந்த நிலை நீங்கி, பொருளியலாரும் உயர் அலுவலரும் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராயும் பொருளாயிற்று. குழு, உழவர்க்கு ஆதரவு விலை உறுதி செய்யப்பட வேண்டும் என்றும், அதனை ஆண்டுதோறும் ஆராய்ந்து கூற நிலையான அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1965 சனவரியில் பேராசிரியர் எம்.எல். தாந்த்வாலாவைத் தலைவராகக் கொண்டு வேளாண் விலைக் குழு தோன்றியது.

நிதியமைச்சரின் அச்சத்திற்கு விடையாக மற்றோர் அமைப்பும் உருவாயிற்று. உழவனுக்கு உயர்ந்த விலை, நகரத்து ஏழைக்குக் குறைந்த விலை என்னும் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றும். இடையில் அரசே நின்று கொள்முதல் செய்து, சேமித்து, நியாயவிலைக் கடைகள் வழியே வழங்குமானால் அம்முரண்பாட்டின் கடுமை தணியும். இந்நோக்கத்தோடு நிறுவப்பட்ட இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, பணி தொடங்கியது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில் அமைந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. மாறுபட்டவரின் வாதத்தை மறுப்பதோடு நில்லாமல், அவ்வாதத்தில் அடங்கிய மெய்யான கவலைக்கு ஒரு நிறுவனத்தையே விடையாக அளித்தமையால், கொள்கை நிலைபெற வழி பிறந்தது.

இதே காலத்தில் அமைச்சரவையினுள் வேறொரு புயலும் வீசியது. 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தபோது, சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். மொழி பற்றிய உறுதிமொழி குறித்து ஓர் இணக்கம் ஏற்பட்டபின் அவ்விலகல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு பொருளில் உடன் அமைச்சர்களோடு கடுமையாக மாறுபட்டு வெளியேறவும் துணிந்தவர், மற்றொரு பொருளில் அவர்களது இசைவை நாடி மீண்டும் அதே மேசையில் அமர்ந்தார். மாறுபாட்டைப் பகையாக்காத அப்பண்பு அன்றைய பொதுவாழ்வில் இருபாலும் இருந்தது என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

அறிவியலாரின் தயக்கம்

இரண்டாவது எதிர்ப்பு வேளாண் ஆராய்ச்சித் துறையின் உள்ளிருந்தே வந்தது. இந்தியக் கோதுமை வகைகள் நெடிது வளர்பவை, தண்டு மெலிந்தவை. உரமிட்டு நீர் பாய்ச்சினால் கதிர் கனக்கும். கனத்த கதிரைத் தாங்காமல் பயிர் சாயும். ஆகவே உரம் மிகுந்தால் விளைச்சல் மிகுவதற்கு மாறாக இழப்பே நேரும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை வகைகளுக்கு இக்குறை இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் முதலியோரின் முயற்சியால் போர்லாக் 1963 மார்ச்சில் இந்தியா வந்தார். அவ்வாண்டே அவர் அனுப்பிய விதைகள் தில்லி, லூதியானா முதலிய இடங்களில் சோதிக்கப்பட்டன. விளைச்சல் வியப்பளித்தது.

சோதனைப் பாத்தியில் விளைந்ததை நாடு முழுவதும் விதைக்கலாமா என்பதில் அறிவியலாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெளிநாட்டு விதையோடு புதிய நோய் வருமோ என்று சிலர் அஞ்சினர். இன்னும் சில ஆண்டுகள் சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்பது ஆராய்ச்சி மரபில் ஊறிய மூத்தோரின் நிலை. இளையோர் பலர் காலம் தாழ்த்தலாகாது என்றனர். தானியத்தின் செந்நிறம் சப்பாத்திக்கு ஏற்றதன்று என்னும் குறையும் கூறப்பட்டது.

இங்கு அமைச்சர் செய்த முதற்செயல், விதை பற்றிய வழக்கில் தாமே தீர்ப்புக் கூற முற்படாமல், தீர்ப்புக் கூறத் தக்கவர்க்கு உரிய இருக்கையை அளித்தது. அதுவரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை, ஆட்சிப்பணி அலுவலர் கையில் இருந்தது. ஆராய்ச்சி நிலையங்களும் பல துறைகளுக்கும் பயிர்வாரிக் குழுக்களுக்கும் உட்பட்டுச் சிதறிக் கிடந்தன. 1965-இல் கோதுமை ஆய்வில் பெயர்பெற்ற பி.பி. பால் அக்கழகத்தின் தலைமை இயக்குநரானார். அப்பதவிக்கு வந்த முதல் அறிவியலார் அவரே. சிதறிய நிலையங்கள் படிப்படியாக அக்கழகத்தின்கீழ்க் கொணரப்பட்டன. தம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்றறிந்த அறிவியலார் பொறுப்பையும் ஏற்க முன்வந்தனர். வேளாண் செயலாளராக வந்த பி. சிவராமன், அமைச்சரின் கொள்கையை ஆட்சி இயந்திரத்தின் நடைமுறையாக மாற்றும் துணையாக அமைந்தார். அமைச்சர், செயலாளர், அறிவியலார் ஆகியோர் ஒரே குரலில் பேசத் தொடங்கியபோது, துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் அக்குரலுக்கு வலிமை பிறந்தது.

வயல் என்னும் சான்று

மாநில அரசுகளும் உழவர்களும் இசைந்தாலன்றித் தில்லியின் முடிவு தாளிலேயே நின்றுவிடும். இங்கே சொல்லைவிடக் காட்சி பயன்பட்டது. 1964-65-இல் தேசிய செயல்விளக்கத் திட்டம் தொடங்கப்பெற்று, உழவர்களின் சொந்த வயல்களிலேயே புதிய விதை விதைக்கப்பட்டது. இதில் சுவாமிநாதன் வற்புறுத்திய நுட்பம் ஒன்று உண்டு. விளக்க வயல்கள் சிறு உழவர்களின் நிலங்களில் அமைய வேண்டும் என்றார் அவர். செல்வர் நிலத்தில் பொன் விளைந்தாலும், பணம் உள்ளவனுக்கு விளைகிறது என்றே ஊர் சொல்லும். ஏழையின் நிலத்தில் விளைந்தால் விதையின் சிறப்பென்று ஒப்புக்கொள்ளும். தில்லியை அடுத்த ஜௌந்தி என்னும் சிற்றூர் விதைக் கிராமமாகவே வளர்ந்தது.

அமைச்சரும் தில்லியில் தமக்கு அளிக்கப்பட்ட இல்லத்தின் புல்வெளியை உழுது புதிய கோதுமையை விதைத்தார். அங்கு வந்துசென்ற அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அலுவலர்களும், குட்டைப் பயிர் கதிர் கனத்தும் சாயாமல் நிற்பதை நேரிற் கண்டனர். கோப்பில் எழுதிய குறிப்பைப் படித்து ஐயுற்றவர்க்கு, கண்முன் நின்ற பயிரை மறுத்தல் எளிதாயில்லை.

அளவிலும் அவர் படிமுறையைப் பின்பற்றினார். 1965-இல் 250 டன் விதை மட்டுமே மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டது. அதன் பயனைக் கண்ட பின்னரே, 1966-இல் 18,000 டன் விதை கொணரப்பட்டது. உலகில் அதுவரை எந்நாடும் இவ்வளவு விதையை ஒரே முறையில் இறக்குமதி செய்ததில்லை. முதலிலேயே 18,000 டன் கேட்டிருந்தால், அந்நியச் செலாவணிக்குத் தவித்த நிதித்துறை கோப்பைத் திருப்பியிருக்கும். சிறிய ஒப்புதலைப் பெற்று, அதன் விளைவைச் சான்றாக வைத்துப் பெரிய ஒப்புதலைப் பெறுதல் அவர் கையாண்ட வழி.

நெருக்கடியும் ஐயப்பாடும்

மூன்றாவது பொருளான உரமே எல்லாவற்றினும் பெரும் பூசலை விளைவித்தது. 1965-66-இல் நாட்டின் உரப் பயன்பாடு ஏறத்தாழ 8 இலட்சம் டன்னே. புதிய விதைக்கு இது போதாது. இறக்குமதிக்குச் செலாவணி வேண்டும். உள்நாட்டில் ஆலை அமைக்க அயல்நாட்டு முதலீடும் வேண்டும். நிதித்துறையும் திட்டக் குழுவில் சிலரும் தயங்கினர். கிடைக்கும் சிறிதளவு உரத்தை நாடு முழுவதும் பரவலாக இடுவதே நன்று, நீர்வளம் உள்ள சில மாவட்டங்களில் குவித்தல் நன்றன்று எனப் பொருளியலார் சிலர் வாதிட்டனர். இது பெரு நிலக்கிழார்க்கே பயன்படும், அமெரிக்காவுக்கு நாட்டை அடகு வைக்கும் என்று இடதுசாரியினர் முழங்கினர்.

1965-இல் நிகழ்ந்தவை இவ்வாதங்களின் எடையை மாற்றின. பருவமழை பொய்த்தது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், உணவுக் கப்பலைச் சிறு சிறு தவணைகளாகவே விடுவிக்கும் போக்கை மேற்கொண்டார். 1964-65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66-இல் 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் சாஸ்திரி மக்களை வேண்டினார். கப்பல் என்றும் வரும் என்னும் நம்பிக்கை குலைந்தபோது, அந்நம்பிக்கையின் மேல் கட்டிய எதிர்வாதங்களும் தளர்ந்தன. நெருக்கடி வந்த பின்னர்த் திட்டம் தேட வேண்டிய நிலை அமைச்சருக்கு இல்லை. ஓராண்டுக்கு முன்பிருந்தே குழுவின் பரிந்துரையும், அறிவியலாரின் சான்றும், வயலின் விளைவும் அவர் கையில் ஆயத்தமாயிருந்தன.

1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃபிரீமனை அவர் சந்தித்தார். இந்தியா தன் வேளாண்மைக்கு மிகுதியான நிதி ஒதுக்கும். உரக் கொள்கையைத் தளர்த்தும். அமெரிக்கா உணவு உதவியைத் தொடரும் என்னும் இணக்கம் அங்கு ஏற்பட்டது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் புதிய வேளாண் கொள்கையை அவர் அறிவித்தார். அயலார் ஆணைக்குப் பணிந்தார் என்னும் பழி அப்போதும் பின்னரும் அவர்மேல் சுமத்தப்பட்டது. ஆனால் காலவரிசையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். விலைக் குழுவும் உணவுக் கழகமும் ஆராய்ச்சிச் சீரமைப்பும் செயல்விளக்க வயல்களும் ரோம் சந்திப்பிற்கு முன்னரே தொடங்கியவை. வெளி அழுத்தம் உள்ளே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வாதத்தின் ஒரு பக்கத்திற்கு வலு சேர்த்தது.

1965 இறுதியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1966 சனவரி 11-ஆம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். தொடக்கம் முதல் துணை நின்ற பிரதமரை இழந்தும் கொள்கை சாயவில்லை. அடுத்து வந்த இந்திரா காந்தி, சுப்பிரமணியத்தை அதே துறையில் தொடரச் செய்தார். 1966 சம்பா முன்பருவத்தில் உயர்விளைச்சல் வகைகள் திட்டம் நாடு தழுவிய அளவில் தொடங்கியது. ஒரு மனிதரின் ஆதரவை மட்டும் நம்பியிராமல், குழுக்களிலும் கழகங்களிலும் அலுவலரிடத்தும் இசைவை ஊன்றியிருந்தமையே இதற்குக் காரணம்.

விளைவும் அதற்குக் கொடுத்த விலையும்

1966-இலும் மழை பொய்த்தது. பீகாரில் பஞ்சம் நேர்ந்தது. அவ்வாண்டு இறக்குமதியான தானியம் ஏறத்தாழ 1 கோடி டன். சென்னை மாநிலத்தில் அரிசித் தட்டுப்பாடு மக்களை வாட்டியது. மெக்சிகோக் கோதுமையால் சோறுண்ணும் தமிழகத்தின் அடுப்புக்கு உடனடிப் பயன் இல்லை. நெல்லில் அத்தகைய மாற்றம் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய வகைகள் பரவியபோதே வாய்த்தது. 1967 பிப்ரவரித் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் தி.மு.க.வின் வாக்குறுதி ஊர்தோறும் ஒலித்தது. மொழிச் சிக்கலின் வடுவும் ஆறவில்லை. சென்னையில் காங்கிரசு ஆட்சியிழந்தது. நடுவண் உணவு அமைச்சரும் மக்களவைத் தேர்தலில் தோற்றார்.

அடுத்த அறுவடை 1968 வேனிலில் வந்தது. 1964-65-இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னாக உயர்ந்தது. மொத்த உணவு தானியம் 9.5 கோடி டன்னாயிற்று. 1967-இல் வெளிவந்த அமெரிக்க நூலொன்று, பாடக் சகோதரர்கள் எழுதியது, இந்தியாவைக் காப்பாற்ற இயலாத நாடுகளின் வரிசையில் வைத்திருந்தது. ஓராண்டிற்குள் அக்கணிப்பை வயல்கள் பொய்யாக்கின. 1968-இல் கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் அஞ்சல்தலையை இந்திரா காந்தி வெளியிட்டார். அன்று வேளாண் அமைச்சராக இருந்தவர் ஜகஜீவன்ராம். செந்நிறக் குறையும், கல்யாண் சோனா, சோனாலிகா எனும் இந்தியத் தேர்வுகள் வந்தபின் நீங்கியது. 1970-71-இல் உரப் பயன்பாடு ஏறத்தாழ 22 இலட்சம் டன்னாகவும், கோதுமை விளைச்சல் 2.38 கோடி டன்னாகவும் பெருகின.

மாறுபட்டோர் கூறியவை அனைத்தும் பொய்த்தன என்று கொள்ளுதல் நேர்மையாகாது. புதிய முறையின் முதற்பயன் நீர்வளமும் முதலும் உடைய பகுதிகளுக்கே சென்றது. மானாவாரி நிலங்கள் பின்தங்கின. நிலத்தடி நீர் வறட்சியும் மண்வளக் கேடும் பிற்காலத்தில் பஞ்சாபிலும் பிறவிடங்களிலும் பெருஞ்சிக்கல்களாயின. மண்ணையும் நீரையும் பேணாது விளைச்சலை மட்டும் நாடினால் கேடு விளையும் என்று சுவாமிநாதனே 1968 சனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார். விலை பற்றிய வாதத்தில் நிதியமைச்சரின் கவலைக்கு உணவுக் கழகம் என்னும் விடை கிடைத்தது. சிறு உழவர் பற்றியும் மண் பற்றியும் எழுந்த கவலைக்கு அத்தகைய நிறுவன விடை அன்று உருவாகவில்லை. நெருக்கடியின் விரைவில் கேட்கப்படாமற்போன வாதங்கள் காலம் கடந்து கடனாகத் திரும்பி வந்தன. உடன் இருப்போரை இசைவிப்பது எத்துணை இன்றியமையாததோ, இசையாதவர் சொல்லில் உள்ள மெய்யைக் குறித்துவைத்தலும் அத்துணை இன்றியமையாதது என்பது இவ்வரலாற்றின் மறுபாதி.

சுப்பிரமணியம் பின்னர் மீண்டும் நடுவண் அமைச்சரானார். திட்டம், நிதி முதலிய துறைகளை ஆண்டார். மகாராட்டிர ஆளுநராக இருந்தார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2000 நவம்பர் 7-ஆம் நாள் மறைந்தார். அவரோடு பணியாற்றிய சுவாமிநாதனுக்கு அவ்விருது, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 2024-இல் அறிவிக்கப்பட்டது. விலைக் குழுவும் உணவுக் கழகமும், பெயரிலும் பணியிலும் மாற்றங்கள் பெற்றாலும், இன்றும் நின்று நிலவுகின்றன.

அவருடைய சொற்பொழிவுகளை இன்று நினைவுகூர்வோர் சிலரே. எதிர்த்தவரின் அச்சம் யாது என்று முதலில் அறிந்தார். அதற்கு விடைகாணும் பொறுப்பை அவரும் மதிக்கும் ஒருவரிடம் ஒப்படைத்தார். அறிந்தவர்க்கு முடிவு கூறும் உரிமை தந்தார். ஐயுற்றவர்க்கு வயலைக் காட்டினார். சிறிது பெற்று, அதை மெய்ப்பித்துப் பெரிது கேட்டார். அவையறிதல் என்று வள்ளுவர் வகுத்த இயல்பு, இரண்டரை ஆண்டுக் காலம் தில்லியின் குழு அறைகளில் இவ்வாறு செயற்பட்டது. அதன் பயன் விளைந்தபோது அதனை விதைத்தவர் அவையில் இல்லை. விளைச்சல் மட்டும் களஞ்சியத்திற்கு வந்து சேர்ந்தது.